முகத்தில் வரும் செபோரிக் டெர்மடைட்டிஸுக்கு எந்தப் பூஞ்சை எதிர்ப்பு கிரீம் நல்லது?

இரண்டு வருடமாக மூக்கின் இரண்டு ஓரத்திலும் புருவத்திலும் சிவந்து செதில் செதிலாக உரிகிறது, கீட்டோகோனசோல் கிரீம் போட்டால் சரியாகிறது, நிறுத்திய மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். க்ளோட்ரிமசோல், சிக்ளோபிராக்ஸ், டெர்பினாஃபின் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், இவற்றில் எது வலுவானது என்று கேட்கிறீர்கள். ஸ்டீராய்டு கலந்த ஒரு கிரீம் இரண்டு நாளிலேயே கேட்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா, தாடியை எடுத்துவிட வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளும் கடைசியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது, அடங்கின நோய் ஏன் திரும்பி வருகிறது, எதை வருடக்கணக்கில் பயமில்லாமல் போடலாம் என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். மருந்துகளின் ஒப்பீடும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் தோல் மருத்துவர், பல வருடங்களாக இந்த நோயைத் தினமும் பார்க்கிறவன். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இது இன்ன நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. நீங்கள் சொல்லும் இடங்கள், தலையில் இருக்கும் பொடுகு, கீட்டோகோனசோலுக்கு அடங்குவது ஆகிய மூன்றும் உங்கள் மருத்துவர் சொன்ன செபோரிக் டெர்மடைட்டிஸுக்குப் பொருந்துகின்றன. அது சரி என்று வைத்துக்கொண்டே மேலே பேசுகிறேன். பொருந்தாமல் போனால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த நோயில் பங்குள்ள ஈஸ்டைப் பற்றி, அதாவது தோலில் வாழும் ஒருவகை நுண்ணிய பூஞ்சையைப் பற்றி. மலஸீசியா என்று பெயர். 1874-இல் இதை விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர் லூயி-சார்ல் மலஸேயின் பெயரைத்தான் பின்னால் இதற்கு வைத்தார்கள். இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கிருமி கிடையாது. வளர்ந்தவர்கள் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. உங்களிடமிருந்து இன்னொருவருக்கு இந்த நோய் தொற்றாது. நீங்கள் முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் வந்ததும் இல்லை. மலஸீசியாவுக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. அதனால் நம் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்து, அதிலிருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. ஒலீயிக் அமிலம் போன்ற நிறைவுறாதவை மிச்சமாகின்றன. அந்த மிச்சம் மேல்தோலுக்குள் இறங்கி உறுத்துகிறது. பொடுகு உள்ளவர்களின் தலையில் ஈஸ்டைக் குறைத்துவிட்டு ஒலீயிக் அமிலத்தை மட்டும் பூசிப் பார்த்தபோது செதில் மறுபடி வந்தது. பொடுகு இல்லாதவர்களுக்கு அதையே பூசியபோது ஒன்றும் ஆகவில்லை. ஈஸ்ட் எல்லோருக்கும் பொது, அதன் மிச்சத்துக்குப் பொறுக்காத தோல் சிலருக்கு மட்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று இதுதான்.

உங்கள் மூன்று வாரக் கணக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கிரீம் ஈஸ்டின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, உங்கள் தோலின் சுபாவத்தை மாற்றுவதில்லை. நிறுத்தியதும் மயிர்க்கால்களுக்குள் மிச்சமிருப்பவை பெருகி, சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடுகின்றன. எந்தக் கிரீமாக இருந்தாலும் நிறுத்தினால் இதுதான் நடக்கும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அடுத்த மருந்துக்கு, அப்புறம் அதற்கடுத்த மருந்துக்கு என்று போய்க்கொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதல் மருந்தே போதுமானதாக இருந்தது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். அதிக ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது கீட்டோகோனசோல்தான். அசோல் குடும்பத்தைச் சேர்ந்தது. பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. 2% கிரீமை நாளைக்கு இரண்டு வேளையாக நான்கு வாரம் போடுவது வழக்கமான முறை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்த நோய்க்கான மேற்பூச்சுப் பூஞ்சை மருந்துகள் பற்றிய 51 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றாக வைத்துப் பார்த்தது. நான்கு வார முடிவில் தடிப்பு மறையாமல் போகும் வாய்ப்பு, மருந்தில்லாத வெறும் கிரீம் போட்டவர்களைவிடக் கீட்டோகோனசோல் போட்டவர்களுக்கு 31% குறைவாக இருந்தது. ஸ்டீராய்டோடு ஒப்பிட்டபோது குணமானவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், பக்கவிளைவுகள் மட்டும் கீட்டோகோனசோலில் 44% குறைவு. சிக்ளோபிராக்ஸோடு ஒப்பிட்டபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இந்த எண்களை நான் மதிக்கிறேன், ஆனால் அளவுக்கு மீறி நம்புவதில்லை. பெரும்பாலான ஆய்வுகள் நான்கு வாரத்தோடு முடிந்துவிட்டன. சான்றின் தரம் குறைவு என்று அந்தத் தொகுப்பாய்வே சொல்கிறது. வருடக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும் ஒரு நோயை ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுத்த முடிவுகள் அவை. கீட்டோகோனசோல் வேலை செய்கிறது என்பது உறுதி. முகத்துக்கு ஸ்டீராய்டைவிடப் பாதுகாப்பானது என்பதும் உறுதி. சிக்ளோபிராக்ஸ் அதற்குச் சமம் என்பது ஏறக்குறைய உறுதி. பூஞ்சை மருந்துகளுக்குள் தரவரிசை போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது சான்றைத் தாண்டிய பேச்சு.

கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்கும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது மாத்திரையைப் பற்றிய செய்தி. 2013-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த மாத்திரை மீது நடவடிக்கை எடுத்ததற்கு ஈரல் பாதிப்பு முக்கியக் காரணம். முகத்தில் மெல்லியதாகப் பூசும் கிரீமிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிக மிகக் குறைவு. இந்தக் காரணத்துக்காகக் கிரீமை நிறுத்த வேண்டாம்.

சிக்ளோபிராக்ஸ் ஓலமைன் வேறு குடும்பம். பூஞ்சையின் நொதிகளுக்கு வேண்டிய இரும்பு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுகிறது. அழற்சியைத் தணிக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. முகத்துக்கு 1% கிரீம். கீட்டோகோனசோல் எரிகிறது என்பவர்களுக்கும், முன்பு கேட்டது இப்போது மந்தமாகிவிட்டது என்பவர்களுக்கும் நான் அடுத்து எழுதித் தருவது இதைத்தான். அது அதிக வலுவுள்ளது என்பதால் இல்லை, வேறு வழியில் வேலை செய்கிறது என்பதால். அசோல்களுக்கு எளிதில் கட்டுப்படாத மலஸீசியா வகைகளை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். அது நோயாளியின் முகத்தில் எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டிய விஷயம் என்பது இன்னும் தீர்ந்த கேள்வி இல்லை.

க்ளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2% இரண்டும் கீட்டோகோனசோலின் உறவுகள். இந்த நோயில் அவற்றைச் சோதித்த ஆய்வுகள் குறைவு, நடைமுறையில் பலருக்கு நன்றாகவே கேட்கின்றன. கர்ப்ப காலத்தில் பூஞ்சைக் கிரீம் வேண்டியிருந்தால் நான் முதலில் நினைப்பது க்ளோட்ரிமசோலைத்தான். நெடுநாளாகப் புழங்கிய அனுபவம் அதற்கு உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மைக்கோனசோலைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். செர்டகோனசோலுக்கும் ஓரளவு ஆய்வுகள் இருக்கின்றன. லூலிகோனசோல் போன்ற புதியவை முக்கியமாகப் படர்தாமரையை மனதில் வைத்து வந்தவை. புதியது என்பதாலேயே இங்கே மேலானது ஆகிவிடாது. டெர்பினாஃபினும் படர்தாமரைப் பூஞ்சையின் மேல்தான் கூர்மையாக வேலை செய்கிறது. மலஸீசியாவை அடக்க ஆய்வகத்தில் அதற்கு அதிகச் செறிவு தேவைப்படுகிறது. அதே ஈஸ்டால் வரும் தேமலுக்கு டெர்பினாஃபின் கிரீம் கேட்கும், மாத்திரை கேட்காது. ஆகவே கிரீமாகப் பூசினால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிரூபிக்கப்பட்ட இரண்டு மருந்துகள் கையில் இருக்கும்போது இதில் தொடங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மருந்தின் பெயரைவிட அது எதில் கலந்திருக்கிறது என்பது பல சமயம் பெரிய வித்தியாசம் செய்கிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரே கீட்டோகோனசோல் கிரீமாக, ஜெல்லாக, நுரையாக, ஷாம்புவாகக் கிடைக்கிறது. ஆல்கஹால் கலந்த ஜெல் எண்ணெய் வழியும் முகத்துக்கு இதமாக இருக்கும். விரிசல் விட்ட தோலில் போட்டால் சுரீரென்று எரியும். சில கிரீம்களில் இருக்கும் புரோப்பிலீன் கிளைகால் சிலருக்கு உறுத்தும். சிலவற்றில் சேர்க்கப்படும் சல்ஃபைட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. போடப்போடச் சிவப்பு அதிகமானால் அது நோயின் சிவப்பா, கிரீமின் சிவப்பா என்று யோசியுங்கள். இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எவ்வளவு போடுவது? ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். நீங்கள் சொல்லும் இடங்களுக்கு அதில் பாதி தாராளம். முகம் கழுவி ஈரம் ஒற்றியெடுத்த பிறகு, சிவந்த இடத்தில் மட்டும் வைக்காமல் சுற்றியிருக்கும் ஒரு விரற்கடை தூரத்துக்கும் சேர்த்துப் பூசுங்கள். செதிலைச் சுரண்டி எடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் அரிப்பு தணியும், இரண்டு வாரத்தில் பார்வைக்கு நன்றாகிவிடும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நான்கு வாரத்தை முடியுங்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்கு இதுவரை கிடைக்காத பகுதி. அடங்கிய பின்னும் அதே கிரீமை வாரத்துக்கு இரண்டு நாள், இரவில் ஒரு வேளை மட்டும், நோய் வழக்கமாக வரும் இடங்களில் போட்டு வாருங்கள். தோலைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாமல் கிழமையை வைத்துப் போடுங்கள். திங்கள், வியாழன் என்று ஏதாவது இரண்டு நாள். நான்கைந்து மாதம் அமைதியாக இருந்தால் வாரத்துக்கு ஒன்றாக்கிப் பார்க்கலாம். உடம்பு களைத்த காலம், தூக்கம் கெட்ட காலம், குளிர்ந்து வறண்ட காற்று வீசும் மாதங்கள் ஆகியவற்றில் தலைதூக்கினால் இரண்டு வாரம் தினமும் போட்டு அடக்கிவிட்டு, மறுபடி வாரம் இருமுறைக்குத் திரும்புங்கள். பூஞ்சைக் கிரீமை இப்படி நீண்ட நாள் போடுவதால் தோல் மெலியாது. இந்தக் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஆய்வுச் சான்று மெல்லியதுதான். இது நடைமுறையில் நாங்கள் கற்றுக்கொண்டது.

தலையையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்குப் பொடுகு இருக்கிறது என்றால், முகத்துக்கு மட்டும் மருந்து போடுவது பாதி வேலைதான். கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை தலைக்குப் போடுங்கள். அதே நுரையைக் கண்ணை மூடிக்கொண்டு புருவத்திலும் மூக்கோரத்திலும் தடவி, மூன்று நான்கு நிமிடம் விட்டுக் கழுவலாம். கிரீமின் பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்கு முகத்தைப் பராமரிக்க இதுவே போதுமானதாக இருக்கிறது. கழுவிய பிறகு வறட்சி தெரிந்தால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசிக்கொள்ளுங்கள். ஜிங்க் பைரிதியோன் கலந்தவற்றையும் இப்படிப் பயன்படுத்தலாம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்துவிட்டதால் எல்லா இடத்திலும் கிடைக்காது. செலினியம் சல்ஃபைடைத் தலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முகத் தோலுக்கு அது உறுத்தல்.

இப்போது அந்த இரண்டு நாள் கிரீம். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அணைக்கிறது, ஈஸ்டைத் தொடுவதில்லை. அதனால்தான் அவ்வளவு வேகம். வீக்கம் அதிகமாக இருக்கும்போது 1% ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிதமானதை, பூஞ்சைக் கிரீமோடு சேர்த்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை போடச் சொல்வதுண்டு. நானும் சொல்கிறேன். ஆனால் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்து விற்கும் கிரீம்களில் பலவற்றில் இருப்பது க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள். முகத்தோல் மெல்லியது. மாதக்கணக்கில் போட்டால் தோல் இன்னும் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வரும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும். எரிகிறதே என்று மறுபடி அதையே போடுவார்கள். அந்தச் சுழலிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவரப் பல மாதங்கள் பிடிக்கின்றன. அந்த மாதங்களில் அவர்கள் படும் பாட்டைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். இமையருகே தொடர்ந்து போட்டால் கண்ணழுத்தம் கூடும் ஆபத்தும் உண்டு. உங்கள் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்து, நீங்கள் பல வாரம் போட்டிருந்தால், திடீரென்று நிறுத்தாமல் உங்கள் மருத்துவரிடம் காட்டி, எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூஞ்சைக் கிரீம் மட்டும் போதாதவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு வழிகள் இருக்கின்றன. டாக்ரோலிமஸ், பைமெக்ரோலிமஸ் இரண்டும் தோலை மெலியச் செய்யாமல் அழற்சியைத் தணிக்கும். முதல் சில நாள் எரிச்சல் இருக்கும். முகத்தில் கடுமையாக இந்த நோய் உள்ளவர்களுக்கு, அடங்கிய பிறகான பராமரிப்பில் 0.1% டாக்ரோலிமஸையும் 1% சிக்ளோபிராக்ஸையும் 24 வாரம் ஒப்பிட்ட ஒரு பிரெஞ்சு ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுவதில் டாக்ரோலிமஸ் முந்தியது. 2023 டிசம்பரில் ரோஃப்ளுமிலாஸ்ட் 0.3% நுரை மருந்துக்கு இந்த நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவையெல்லாம் மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. கடையில் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கிற மருந்துகள் இல்லை.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையவில்லை என்றால் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கன்னத்தில் சிவப்பும் சூடும் பொரியுமாக இருந்து செதில் குறைவாக இருந்தால் ரோசேசியாவாக இருக்கலாம். தடித்த வெள்ளைச் செதில் முழங்கை, முழங்காலிலும் இருந்தால் சொரியாசிஸ். ஓரம் மட்டும் தூக்கலாக வட்டமாகப் பரவினால் படர்தாமரை. ஸ்டீராய்டு போட்ட முகத்தில் அந்த வட்டமே உருத்தெரியாமல் போய்விடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயின் சிவப்பு கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும், மூக்கோர மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். உங்களுக்கு அந்த மடிப்பிலேயே இருப்பது ஒரு நல்ல துப்பு. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு தெரியாமல் வெளிறிய திட்டுகளாக மட்டும் தெரிவதுண்டு. அதை வெண்புள்ளி என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் பலர். நோய் அடங்கியதும் நிறம் மெதுவாகத் திரும்பிவிடும். முன்பு இல்லாமல் திடீரென்று, கடுமையாக, மார்பு வரை பரவி வந்தால் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வோம். பார்கின்சன் நோயிலும் இது அதிகம் வரும்.

முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செதில் உரிகிறதே என்று எண்ணெய் தேய்ப்பவர்கள் அதிகம். ஆய்வகத்தில் இந்த ஈஸ்டை வளர்க்க ஊடகத்தில் ஆலிவ் எண்ணெயைச் சேர்ப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மிச்சம் புரியும். தாவர எண்ணெய்களில் பெரும்பாலானவை அதற்குத் தீனி. பெட்ரோலியம் ஜெல்லியிலும் மினரல் ஆயிலிலும் கொழுப்பு அமிலம் இல்லாததால் அவை தீனி ஆவதில்லை.

கடைசியாகத் தாடி. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தாடிக்கடியில் கிரீம் மயிரில் ஒட்டிக்கொண்டு தோலுக்குப் போய்ச் சேராது என்பதுதான் சிக்கல். மழித்தவர்களுக்கு அந்த இடம் சீக்கிரம் அடங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். வைத்துக்கொள்ள ஆசை என்றால் அங்கே கிரீமை விட்டுவிட்டு ஷாம்புவுக்கு மாறுங்கள். விரல் நுனியால் மயிரைப் பிரித்து, நுரை தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, அப்புறம் ஒன்று. தாடிக்குப் போடும் எண்ணெயை அந்த மாதம் முழுக்க நிறுத்திவையுங்கள்.